வண்டிக்கு 300 வாங்கினேன், இப்போது அதுவே என் விலையாகிவிட்டது. கார் போட்டோவுக்கு எவ்வளவு கேட்பது?

சிங்காநல்லூர் லென்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கோவை, சிங்காநல்லூர். வார நாட்களில் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டரில் ட்ராயிங் போடுகிற வேலை, சம்பளம் 28,000. ஞாயிறு ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கார் படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். இரண்டு வருடமாக நண்பர்கள் வண்டியைச் சும்மாதான் எடுத்துக் கொடுத்தேன். பிரியாணி வாங்கிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது.

போன ஆடியில் அவிநாசி ரோட்டில் பழைய கார் விற்கிற ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, வண்டிக்கு எவ்வளவு?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. வாயில் வந்தது 300. அவர் மூச்சு விடாமல் "சரி" என்றார். பேரமே பேசாமல் ஒருவர் சரி என்றால் என்ன அர்த்தம் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

ஒரு ஞாயிறுக்கு 6 வண்டி. வண்டிக்கு 20 படம். கையில் வந்தது 1,800, பெட்ரோலும் சாப்பாடும் 200. போக வர முக்கால் மணி நேரம், எடுக்க இரண்டரை மணி நேரம். சாவி எங்கே, பேட்டரி இறங்கிவிட்டது, முன்னால் நிற்கிற வண்டியை யார் எடுப்பது என்று நின்றே ஒன்றரை மணி நேரம். வீட்டில் எடிட் நாலு மணி நேரம், நம்பர் பிளேட்டை மறைத்து அனுப்ப இன்னொரு அரை மணி.

இப்போது பிரச்சினை வேறு. ஒரு டீட்டெய்லிங் கடைக்காரர், அதாவது காரைச் சுத்தம் செய்து பளபளப்பாக்கிக் கொடுக்கிறவர், கறுப்பு ஃபார்ச்சூனர் ஒன்றுக்குச் செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் போடுகிற பாதுகாப்புப் பூச்சு) போட்டிருக்கிறார். அதை 12 படம், 3 ரீல்ஸ், ஓடுகிற மாதிரி ஒரு ஷாட், முடிந்தால் ட்ரோன். படத்தை இன்ஸ்டாகிராமிலும் போடுவாராம், கடை வாசல் போர்டிலும் வைப்பாராம். விலை பேசுமுன்பே, "அந்த ஷோரூம்ல வண்டிக்கு 300 தானே வாங்கினீங்க? நமக்கு ஒரே வண்டிதான், 500 வெச்சுக்கலாம்" என்றுவிட்டார். யார் சொன்னார்களோ தெரியவில்லை.

கேமரா பழசாக வாங்கியது 1,10,000. லென்ஸ் 45,000. லேப்டாப் 70,000. அப்பாவிடம் இன்னும் பாதிக் கணக்கு சொல்லவில்லை. நான் என்ன விலை சொல்லட்டும்?

இருங்காட்டுக்கோட்டை பழசு எழுதியது:

தம்பி, அந்த 300-ஐ நினைத்து நொந்துகொள்ளாதே. முதல் விலையைச் சரியாகச் சொன்ன போட்டோகிராபரை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் சென்னையில் பதினோரு வருடமாகக் கார், பைக் மட்டும் எடுக்கிறேன். ஆரம்பத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நாள் முழுக்க வெயிலில் வெந்து, ஓட்டுநர்களுக்குப் படம் ஒன்று 100 ரூபாய் என்று விற்றவன் நான்.

நீ கொடுத்த கணக்கையே போடுவோம். 1,800-இல் 200 போனால் 1,600. நேரம் மொத்தம் ஒன்பதேகால் மணி. மணிக்கு 173 ரூபாய் வருகிறது, பரவாயில்லை போல இருக்கிறது அல்லவா? இப்போது உன் சாமானைச் சேர். மூன்றும் 2,25,000. மூன்று வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு 75,000. வருடத்தில் 75 நாள் வேலை கிடைத்தால், கேமராப் பையைத் தோளில் போட்டு வாசல் தாண்டுகிற ஒவ்வொரு நாளும் 1,000 ரூபாய் தேய்கிறது. ஷட்டருக்கும் ஆயுசு உண்டு, சோனி ஏ7 மூன்றாவது மாடல் கேமராவுக்கே 2 லட்சம் கிளிக் என்றுதான் கணக்கு. அந்த 1,000-ஐக் கழித்தால் மிச்சம் 600. மணிக்கு 65 ரூபாய்.

அதனால் முதலில் "வண்டிக்கு எவ்வளவு" என்பதை மறந்துவிட்டு, "வீட்டை விட்டு இறங்க எவ்வளவு" என்று கணக்குப் போடு. மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் உன் சம்பளப்படி ஒரு நாள் கூலி சுமார் 1,120. ஞாயிறை விட்டுக்கொடுக்கிறாய், ஒன்றரை மடங்கு போடு, 1,700. சாமான் தேய்மானம் 1,000. பெட்ரோல், டீ 300. போன் பேச்சு, போய் இடம் பார்த்து வருவது, நடக்காமல் போகிற வேலைகளுக்கு அலைந்தது, இதற்கெல்லாம் யாரும் காசு தரமாட்டார்கள், அதற்கு ஒரு 500. மொத்தம் 3,500. இது உன் தரை. இதற்குக் கீழே எவன் கூப்பிட்டாலும், மாமா பையனே ஆனாலும், ஒன்று சும்மா எடுத்துக் கொடு, இல்லையென்றால் போகாதே. பாதி விலைக்கு மட்டும் போகாதே. சும்மா செய்தால் அது உதவி. பாதி விலைக்குச் செய்தால் அதுதான் உன் விலை.

தரைக்கு மேலே எவ்வளவு என்பதைப் படம் எங்கே போகிறது என்பதுதான் முடிவு செய்யும். ஷோரூம் படம் வண்டி விற்றதும் செத்துவிடும். டீட்டெய்லிங் கடைக்காரர் படம் வாசலில் வருடக்கணக்கில் நின்று அடுத்த ஃபார்ச்சூனர்காரரை உள்ளே இழுக்கும். கோட்டிங் போட அவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்துப் பார், அப்புறம் 500-க்குச் சிரிப்பு வரும்.

கறுப்பு வண்டி என்பதை நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். கறுப்பு வண்டியை எடுக்கிறோம் என்பதே பொய், அதில் தெரிகிற ஊரைத்தான் எடுக்கிறோம். பானெட்டில் ஈபி கம்பி, கதவில் எதிர்க்கடை போர்டு, பம்பரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற நீ. அதனால் இடம்தான் பாதி வேலை. அடிவானம் வரைக்கும் மரமோ கம்பமோ இல்லாத வெட்டவெளி கிடைத்தால் பாக்கியம். சூரியன் இறங்கிய பிறகு ஒரு இருபது நிமிடம் வானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சமாக இருக்கும். அதுதான் உன் ஸ்டுடியோ, வாடகை இல்லை.

லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் திருப்பினால் கண்ணாடியிலும் பெயிண்டிலும் விழுகிற பிரதிபலிப்பு குறையும். ஆனால் முன்கண்ணாடி ஒரு சாய்வு, பானெட் ஒரு சாய்வு, கதவு இன்னொரு சாய்வு. ஒன்றுக்குச் சரியாகத் திருப்பினால் இன்னொன்று மினுங்கும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அசைக்காமல், ஃபில்டரை மட்டும் திருப்பி மூன்று படம் எடுத்து, வீட்டில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நல்ல பாகத்தை மட்டும் துடைத்து எடுக்க வேண்டும். குரோம் பட்டைக்குப் போலரைசர் பலிக்காது, அதை அப்புறம் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆகும். கடைக்காரரிடம் இதை விளக்காதே, விலையில் வை.

ஓடுகிற ஷாட்டைத் தனியாக எழுது. அதற்கு இன்னொரு வண்டி, இன்னொரு டிரைவர் வேண்டும். வேகமே தேவையில்லை. இரண்டு வண்டியும் சமமாக 40 கிலோமீட்டரில் போய், ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால், அந்த நேரத்தில் வண்டி 18 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், சக்கரம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். படத்தில் பறக்கிற மாதிரி தெரிய அது போதும். ஆனால் டிக்கியைத் திறந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல் அண்ட் டி பைபாஸில் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. உங்கள் ஊரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் வாடகை கொடுக்கிற வாடிக்கையாளர் என்றால் அங்கே எடு, இல்லாவிட்டால் வேண்டாம்.

ட்ரோன்? பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்காமல் பொம்மை ட்ரோனைக் கூட ஏற்றாதே.

முக்கியமான ஒன்று. நம் ஆட்கள் அமெரிக்க யூடியூப் பார்த்துவிட்டு, "படம் என்னுடையது, உனக்கு உபயோகிக்க உரிமை மட்டும்தான் தருகிறேன்" என்று வாயால் பேசுகிறார்கள். அங்கே அது சரி. இங்கே 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, தலைகீழ். காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. ஆகவே உரிமை உன்னிடம் இருக்க வேண்டும் என்றால் அதை எழுதி, அவர் கையெழுத்தோடு வாங்கு. உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதியையும் அதிலேயே ஒரு வரி எழுதிக்கொள்.

என்னைக் கேட்டால் ரீல்ஸ், ட்ரோன் இல்லாமல் 12 படத்துக்கு 7,500 சொல். என் சென்னை விலை அரை நாளுக்கு 9,000. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கோவையில் கேட்காதே.

சேலம் வியாபாரி எழுதியது:

நான் காசு கொடுக்கிற பக்கம். சேலத்தில் பழைய கார் வியாபாரம், மாதம் 35, 40 வண்டி கைமாறும். பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. எங்களை மாதிரி ஆளிடம் வந்து "அரை நாள் 9,000" என்றால் நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். எங்களுக்கு வண்டிக் கணக்குதான் ஒத்துவரும், ஏனென்றால் நாங்கள் லாபத்தையே வண்டிக் கணக்கில்தான் பார்க்கிறோம். அதில் தப்பில்லை. தம்பி தோற்றது விலையில் பாதி, நிபந்தனை போடாததில் பாதி.

அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு யாருடைய தப்பு? ஷோரூம்காரருடையது. அதற்குக் காசு யார் கொடுத்தார்கள்? தம்பி கொடுத்தார். என்னிடம் படம் எடுக்கிற பையன் முதல் நாளே சொல்லிவிட்டான்: குறைந்தது 5 வண்டி, கழுவித் துடைத்து வரிசையாக நிற்க வேண்டும், சாவி எல்லாம் ஒரே டப்பாவில் இருக்க வேண்டும், ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். அரை மணிக்கு மேல் காக்க வைத்தால் 500 தனி. இரண்டு தடவை அந்த 500-ஐக் கொடுத்தேன். மூன்றாவது தடவையிலிருந்து என் ஆட்கள் விடிகாலையிலேயே வாட்டர் வாஷ் முடித்துவிடுகிறார்கள். வண்டிக்கு 650 கொடுக்கிறேன், சந்தோஷமாகத்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்று, எங்கள் படத்துக்கு அழகு வேண்டாம். வேகம் வேண்டும், நேர்மை வேண்டும். ஒரு தடவை ஒரு தம்பி பின் கதவில் இருந்த ஒரு கீறல் கோட்டை எடிட்டில் அழித்துக் கொடுத்துவிட்டார். தர்மபுரியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார், கோட்டைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். ஒரு கோட்டுக்காக வண்டியையே வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து கோடு, ஒடுக்கு, டயர் தேய்மானம் எல்லாவற்றுக்கும் தனித்தனி படம் கேட்கிறேன். நாலு மணி நேர எடிட் எங்களுக்கு எதற்கு? வெளிச்சத்தைச் சரி பண்ணி, பிளேட்டை மறைத்து அன்று சாயங்காலமே அனுப்புங்கள், போதும். எடிட்டை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் அந்த வேலையே உங்களுக்குக் கட்டுபடியாகும்.

அதே சமயம் கடை முகப்புப் போர்டுக்கு ஒரே ஒரு படம் எடுத்ததற்கு 4,500 கொடுத்திருக்கிறேன். முணுமுணுக்கவில்லை. பெரியவர் சொன்ன "எங்கே போகிறது" கணக்கு அங்கே சரி.

திருப்பூர் கேட்லாக் எழுதியது:

நான் கார் எடுப்பதில்லை, பனியன் எடுக்கிறேன். திருப்பூரில் உருப்படிக் கணக்குதான் நடைமுறை, அதனால் தம்பியின் வலி எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி என்னை "சாம்பிளுக்கு நாலு பீஸ் எடுத்துக் காட்டுங்க மேடம், பிடிச்சா 400 பீஸ் ஆர்டர்" என்றது. எடுத்துக் கொடுத்தேன். பிடிக்கவில்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு கண்காட்சிக்குப் போனால் அவர்கள் ஸ்டாலில் அந்த நாலு படமும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? அன்றிலிருந்து சாம்பிளுக்கும் காசு. ஆர்டர் வந்தால் பில்லில் கழித்துக்கொள்கிறேன்.

கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கூடப் போதும், ஆனால் ஒரே செய்தியாக இருக்கட்டும். எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எங்கெங்கே உபயோகம், இரண்டு தடவை வரை திருத்தம் சும்மா, மூன்றாவதிலிருந்து படத்துக்கு இவ்வளவு. "சரி" என்று பதில் வந்த பிறகு பாதி அட்வான்ஸ் ஜிபேயில் விழ வேண்டும். மீதி, தண்ணிக்குறி (வாட்டர்மார்க்) போட்ட சின்னப் படங்களைப் பார்த்துவிட்டு. பெரிய ஃபைல் அதற்கு அப்புறம்தான். ரா ஃபைல், அதாவது எடிட் செய்யாத மூல ஃபைல், கேட்டால் தனி விலை, நான் பெரும்பாலும் தருவதே இல்லை. சமைக்காத மாவைப் பார்த்துவிட்டு நம்மைத் திட்டுவார்கள்.

பில் கேட்பார்கள், பயப்படாதீர்கள். சேவைக்கு வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அது தப்பு.

500-காரருக்கு என்ன பதில் சொல்வது என்றால், "அது விற்பனைப் படம் சார், இது விளம்பரப் படம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். நான் அந்த நேரத்தில் தண்ணீர் குடிப்பேன்.

சிங்காநல்லூர் லென்ஸ் எழுதியது:

அண்ணா, சார், அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. வேலை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்ன வரியைச் சொல்லிவிட்டு 7,500 என்றேன். தண்ணீர் குடித்தேன். அரை பாட்டில் காலியானது. அவர் 4,000 என்றார். எனக்கு உடனே சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. தரை 3,500 தானே, மேலேதானே இருக்கிறது என்று மனசு வேறு வக்காலத்து வாங்கியது. அப்புறம், விலையைக் குறைத்தால் வேலையையும் குறைக்க வேண்டும் என்று தோன்றியது. "8 படம், 6,500" என்றேன். போர்டு, இன்ஸ்டாகிராம் இரண்டும் ஒரு வருடம், என் பக்கத்தில் நானும் போட்டுக்கொள்வேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ட்ரோனைப் பற்றிச் சூலூர் என்று ஆரம்பித்ததுமே "அது வேண்டாங்க" என்றுவிட்டார்.

செட்டிபாளையம் பக்கம் ஒரு புது லேஅவுட், வீடு எதுவும் வரவில்லை, கல் மட்டும் நட்டிருக்கிறார்கள். நாலு மணிக்கே போய்விட்டோம். வண்டி கடையிலிருந்து பளபளப்பாகத்தான் கிளம்பியது. மண்ரோட்டில் வந்து நின்றதும் கறுப்பு வண்டி சாம்பல் வண்டி ஆகிவிட்டது. கடைப் பையன் மைக்ரோஃபைபர் துணியைத் தூசி மேலேயே வைத்துத் தேய்க்கப் போனான். முதலாளி போட்ட சத்தத்தில் நானே கேமராவைக் கீழே விடப் பார்த்தேன். புதுக் கோட்டிங்கில் கீறல் விழுந்திருந்தால் 6,500 எல்லாம் யார் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் பீய்ச்சி, தூசியை வழியவிட்டு, ஒற்றி எடுத்தோம். அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

அண்ணா சொன்ன அந்த இருபது நிமிடம் உண்மையில் பதினைந்துதான் கிடைத்தது. பானெட் மேலே வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவாக மாறுவது அப்படியே இறங்கி நின்றது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் வலது கதவு முழுக்க நேர்கோடாக ஒரு ஈபி கம்பி. எனக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதை அழிக்க மட்டும் ஒன்றரை மணி நேரம். கதவின் மடிப்பு வளைவில் கம்பியும் வளைந்து ஓடுகிறது, அதை மறைத்தால் மடிப்பும் சேர்ந்து மறைகிறது.

கணக்கு: எல்லாம் சேர்த்து 10 மணி நேரம். தேய்மானம் 1,000, செலவு 300 போக 5,200. மணிக்கு 520. அப்பாவிடம் லென்ஸ் விலையைச் சொல்லிவிட்டேன். லேப்டாப் பற்றி அடுத்த வேலை முடிந்ததும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நேற்று பழைய ஷோரூம்காரர் செய்தி அனுப்பினார்: "ஞாயிறு 7 வண்டி, பழைய ரேட் தானே தம்பி?" சேலம் சார் சொன்னதை அப்படியே தட்டினேன். வண்டிக்கு 600, கழுவி வரிசையாக நிற்க வேண்டும், சாவி ஒரே டப்பா, அரை மணிக்கு மேல் காத்திருந்தால் 500. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருக்கிறது. இதைச் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

சேலம் வியாபாரி எழுதியது:

கட்டைவிரல் என்றால் "பார்த்தேன்" என்று அர்த்தம் தம்பி. நானும் அப்படித்தான் போடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி விலையைப் பற்றிப் பேசாமல், "எத்தனை வண்டி கழுவியாச்சுங்க?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணிக்கை சொன்னால் கிளம்புங்கள். "வாங்க பாத்துக்கலாம்" என்றால் தூங்குங்கள்.